பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் ஒரு ஸ்டார்

டிசம்பர் பிறந்தால் வங்கிக்காரனுக்கு இரண்டு டென்ஷன். காலாண்டு முடிகிறது, வராக்கடன் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் மேல் போன் போட வேண்டும். ஆபீஸில் ஆணி அதிகம். வீட்டுக்கு வந்தால் அடுத்தது காத்திருக்கும், கிறிஸ்மஸ் அலங்காரம்.

இந்த வருடம் தங்கமணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "என்னங்க, இந்தத் தடவை சிம்பிளா, டென்ஷன் இல்லாம ஏதாவது பண்ணுவோம். போன வருஷம் மாதிரி 24-ம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு ஏணி மேல நிக்க என்னால ஆகாது." மகள் உடனே நெட்டில் தேடி ஒரு லிஸ்ட் கொண்டுவந்தாள். 'எளிய அலங்காரம்' என்று தலைப்பு. கீழே 32 பொருட்கள். பி.காம் படித்தவன் சும்மா இருப்பேனா? கூட்டிப் பார்த்தேன். அந்த எளிமையை வாங்க ஒரு மாத இ.எம்.ஐ. வேண்டும். அதில் பாதி ஒரு சீசனோடு குப்பைக்குப் போகிறவை. தேய்மானம் முதல் வருடமே நூறு சதவீதம் :-)

அப்போதுதான் பெரியப்பா வீடு ஞாபகம் வந்தது. ஒரு சின்ன கொசுவர்த்தி சுற்றிவிட்டு வரலாம்.

வங்கி வேலை கிடைத்து 2004-ல் நெல்லையிலிருந்து பம்பாய் வந்து இறங்கியபோது, நான் முதலில் தங்கியது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பெரியப்பா வீட்டில்தான். மாட்டுங்கா என்றதும் நம்மாட்களுக்கு நினைவுக்கு வருவது கிங்ஸ் சர்க்கிள், ஃபில்டர் காபி, பூக்கடை, கோயில், பஜனை. அது தண்டவாளத்துக்குக் கிழக்கே. லேபர் கேம்ப் மேற்கே, தாராவியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் குமாஸ்தா வேலைக்கும் கணக்கு வேலைக்கும் வந்தவர்கள். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் தோல் பதனிடவும், துப்புரவு வேலைக்கும், மில்லுக்கும், மூட்டை சுமக்கவும் வந்தவர்கள். பேரிலேயே லேபர் இருக்கிறதே!

பெரியப்பா வீடு பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் கட்டில், டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், சமையல், குளியல், ஆறு பேர். என்னோடு ஏழு. இதில் கிறிஸ்மஸ் மரத்தை எங்கே வைப்பது? தரையில் ஒரு சதுர அடி கிடைக்காது. ஆகவே அந்த வீட்டில் அலங்காரத்துக்கு இரண்டு இடம்தான். ஒன்று வாசலுக்கு மேலே, சந்தைப் பார்த்து. இன்னொன்று டிரங்குப் பெட்டியின் தலையில். வாசலுக்கு மேலே ஸ்டார், பெட்டி மேலே குடில். பெரியப்பா எங்கள் நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. பெரியம்மா தூத்துக்குடி ஆர்.சி. ஸ்டார் அவர் இலாகா, குடில் இவர் இலாகா. பண்டிகை வேலையில் இருவருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததே இல்லை. மற்ற விஷயங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஸ்டார். கடையில் மடித்து விற்கும் ஓட்டை போட்ட அட்டை ஸ்டார் இல்லை. அதைத்தான் நாங்கள் ஊரில் வாங்குவோம், பெட்டியில் தட்டையாக வைத்துக் கொண்டுவரவும் வசதி. பெரியப்பா அதைப் பார்த்தாலே, "ஏல, இது கலியாணப் பத்திரிகைய மடிச்ச மாதிரி இருக்கு" என்பார். அவருக்கு மூங்கிலும் பட்டம் விடும் பேப்பரும்தான்.

செய்முறை ரொம்பச் சுலபம், இரண்டு மணி நேர வேலை. இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் குச்சிகள். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, குழந்தைகள் கை எடுக்காமல் சிலேட்டில் போடுவார்களே, அந்த ஐந்து முனை நட்சத்திரம் கட்ட வேண்டும். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் இறுக்கிக் கட்டு. இப்போது நடுவில், குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களில், இரண்டு சட்டங்களுக்கும் இடையே நாலு அங்குலக் குச்சியை முட்டுக் கொடுத்தால் அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிறு உப்பி எழுந்து நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நொடி பிடிக்கும். பிறகு மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சிய பசை. கரப்பான் அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். (அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.) பேப்பரைச் சுற்றி ஒட்டி, பின்பக்கம் பல்பு நுழைய ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்து விட்டால் முடிந்தது. அடுத்த வருடம் பேப்பரைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினால் போதும், சட்டம் அப்படியே இருக்கும். பெரியப்பா வீட்டுச் சட்டம் பதினைந்து வருடம் உழைத்தது. எங்கள் பாஷையில் அதுதான் நிலைச் சொத்து.

இதற்கான சரக்கு பம்பாயில் அந்தச் சீசனில் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஆகாஷ் கந்தில் தொங்கும். அதுவும் மூங்கில் சட்டம், கலர் பேப்பர், உள்ளே விளக்கு. மாஹிமில் கந்தில் கல்லி என்றே ஒரு சந்துக்குப் பேர். தீபாவளி முடிந்தால் மிச்ச மூங்கிலும் பேப்பரும் இருக்கும். அடுத்து ஜனவரி 14 சங்கராந்திக்குப் பட்டம், அதற்கான பேப்பர் டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். நம் கிறிஸ்மஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் சாமர்த்தியமாக உட்கார்ந்திருக்கிறது. தீபாவளிக்குக் கந்தில் கட்டிய அதே பையன்கள்தான் டிசம்பரில் ஸ்டார் கட்டினார்கள். முனைக் கணக்கு மட்டும்தான் மாறும்.

உலகத்தில் இன்னொரு இடத்திலும் இதே வகை ஸ்டார் உண்டு. பிலிப்பைன்ஸில் 'பரோல்' என்பார்கள். விளக்கு என்று பொருள் தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பேர். மூங்கிலும் மெல்லிய ஜப்பான் காகிதமும்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின ஒன்பது நாளும் விடியற்காலையில் பூசைக்குப் போகிறவர்கள் வழி தெரிய இதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆக, அலங்காரமாவதற்கு முன்னால் அது டார்ச் லைட்.

ஜெர்மனிக்காரர்கள் ஸ்டாருக்கு வேறு கதை. மொரேவியன் சபையார் நீஸ்கி என்ற ஊரில் நடத்திய பள்ளியில், 1830-களில் ஜியோமெட்ரி பாடத்துக்காகக் காகிதக் கூம்புகளை ஒட்டிச் செய்தது அது. இந்தச் சபையின் மிஷனரிகள் தூர தேசங்களுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் விடுதியில் இருப்பார்கள். ஆட்வென்ட் முதல் ஞாயிறு வந்தால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து ஸ்டார் ஒட்டினார்கள். பின்னாளில் ஹெர்ன்ஹூட்டில் அதற்குத் தொழிற்சாலையே வந்துவிட்டது. இதே மொரேவியன்கள் 1760-லிருந்து நம் தரங்கம்பாடியில் தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள். ஆனால் ஸ்டார் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே ஊரைக் காலி செய்துவிட்டார்கள், அதனால் நம் ஸ்டாருக்கு அவர்கள் உரிமை கொண்டாட முடியாது. அப்பா அம்மா ஒரு தேசத்தில், பிள்ளை ஒரு விடுதியில், நடுவில் ஒரு காகித நட்சத்திரம். கேம்ப்பில் என்னோடு இருந்த பையன்களில் பாதிப்பேருக்கு இது புதுக் கதை இல்லை. பள்ளி ஊரில், பெற்றோர் பம்பாயில்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கிலாந்திலேயே அது ஃபேஷன் ஆனது. நம் ஊரில் ஒரு சவுக்குக் கிளையை வெட்டி மண் தொட்டியில் நட்டால் அதுவே மரம். 1930-களில் செயற்கை மரம் செய்தது ஆடிஸ் என்ற பிரஷ் கம்பெனி. கக்கூஸ் பிரஷ் செய்கிற அதே முறையில். தங்கமணி போன வருடம் வாங்கிய மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. வெளியே சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி கொஞ்சம் சீரியஸான சரித்திரம். 'பண்டிகைக்கு எதற்கு அலங்காரம்' என்ற கேள்வி புதிதல்ல. 1659-ல் மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் கிறிஸ்மஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள், 1681 வரை அது இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவத்திலும் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது. அதில் ஒரு கட்சிக்காரர் நம் ஊர்க்காரர், வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகப்பட்டு, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடி, 1864 வரை வாழ்ந்த மனிதர்.

அவர் இளமையில் பார்த்த பழைய லுத்தரன் மிஷனரிகள், தமிழர் வழக்கம் பலவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். 1820-களில் வந்த புது மிஷனரிகள் கண்டிப்புக்காரர்கள். அவர்கள் நான்கு கொடுமைகள் செய்ததாகச் சாஸ்திரியார் எழுதினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். திருவிருந்தில் எல்லா ஜாதியாரையும் ஒன்றாக்கினார்கள். பண்டிகையிலும் கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தள்ளினார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தள்ளினார்கள்.

முதல் தடவை இதைப் படித்தபோது பூ விஷயத்தில் என் ரத்தம் கொதித்தது. மல்லிகையும் மாவிலையும் வாழைமரமும் இல்லாமல் ஒரு தமிழ் வீட்டில் பண்டிகையா? பூ எந்த மதத்துச் சொத்து? சாஸ்திரியார் பக்கம் எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. அப்புறம் திரும்பப் படித்தால், அதே நாலு வரிப் பட்டியலில் இரண்டாவதாக அது இருக்கிறது. ஒரே கிண்ணத்தில், ஒரே வரிசையில் எல்லோரும் திருவிருந்து எடுப்பதும் அவருக்குப் பூவைத் தள்ளியதற்குச் சமமான கொடுமை! 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதியை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் கோயிலை விட்டே வெளியேறினார்கள்.

லேபர் கேம்ப்பில் இருந்துகொண்டு இதைப் படிப்பது வேறு மாதிரி இருக்கும். இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர், அந்தக் கிண்ணம் யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களுடைய பேரப் பிள்ளைகள். பூவைக் காப்பாற்றிய கையும் கிண்ணத்தைத் தள்ளிய கையும் ஒரே கைதான் என்பதை நான் எப்படிச் சரிக்கட்டுவது? பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எழுதலாம், டேலி ஆகாது. பெரியப்பாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பூ நல்லதுதாம்ல. ஆனா நம்மள உள்ள விட்டது பூ இல்லியே" என்றார். பூவை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு 24-ம் தேதியும் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போய் செவ்வந்திச் சரம் வாங்கி வருகிறவர் அவர்தான்.

குடிலுக்கு வருவோம். பெரியம்மா செய்யும் குடிலில் பொம்மை மொத்தம் ஐந்து. தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வரும்போது சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. ஒரு மாட்டுக்குக் கொம்பு கிடையாது. குகைக்கு, தாராவி கும்பர்வாடாவில் தீபாவளிக்கு விற்றது போக மிஞ்சிய சட்டி ஒன்று, அதுவும் விரிசல் விட்டது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறார்கள். விரிசல் சட்டியைப் படுக்கவைத்து, வாயை முன்பக்கம் திருப்பினால் குகை ரெடி. நடுவில் கொஞ்ச காலம் எல்லோரும் தெர்மாகோல் குடிலுக்கு மாறினார்கள். பெரியம்மா மாறவில்லை. 2018-ல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக்கோடு தெர்மாகோல் அலங்காரத்தையும் தடை செய்ததும், கேம்ப்பில் மற்றவர்கள் சட்டிக்குத் திரும்பினார்கள். "நா சொன்னேம்லா" என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடிலைத் தொடங்கிவைத்தவர் அசிசி பிரான்சிஸ் என்பது தெரிந்த கதை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலை ஊரில். அவர் பொம்மை எதுவும் வைக்கவில்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு ஒன்று, நிஜக் கழுதை ஒன்று. அந்த ஊர்க்காரர்களிடம் அவை ஏற்கெனவே இருந்தன, ஒரு காசு செலவில்லை. எண்ணூறு வருடம் கழித்து அதே குடிலை 'டீலக்ஸ் செட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு, ரிமோட்டில் எரியும் லைட்டோடு விற்கிறார்கள்.

பெரியம்மா குடிலில் எனக்குப் பிடித்தது புல். பச்சைக் கலர் அடித்த மரத்தூள் இல்லை, நிஜமாக முளைத்த கேழ்வரகு. இங்கே நாச்னி என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கொடுப்பார்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, சிரட்டையில் கொஞ்சம் மண்ணோ தென்னை நார்த்தூளோ போட்டு மேலே தூவி, ஈரத்துணி மூடி, மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு வெளிச்சம். பத்தாவது நாள் குட்டிக் குட்டிப் புல்வெளி. கோதுமை என்றால் ஒரு வாரம் போதும். கோவாக்காரர்களும் பாந்த்ரா பக்கத்து ஈஸ்ட் இந்தியர்களும் இப்படித் தானியம் முளைக்கவைத்துக் குடிலில் வைப்பார்கள். பிரான்ஸின் தெற்கே டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமை விதைத்துக் கிறிஸ்மஸ் மேஜையில் வைப்பது பழைய வழக்கம். ஆனால் அந்த 'மூன்று நாள் இருட்டு' டெக்னிக்கை பெரியம்மா கற்றது பிரான்ஸிலிருந்து அல்ல. பக்கத்து வீட்டு அக்கா அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுப்பவர். முளைப்பாரியை இருட்டில்தான் வளர்ப்பார்கள். அவர் சொல்லிக்கொடுத்தது இவர் சிரட்டைக்கு வந்துவிட்டது. வேதநாயகம் சாஸ்திரியார் காலத்து மிஷனரி பார்த்திருந்தால் கண்டிப்பாக ஐந்தாவது கொடுமை நடந்திருக்கும்.

விளக்கு. எடிசனுடைய கம்பெனியில் வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882-ல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்பு மாட்டினார், மின்சார அலங்காரம் அங்கிருந்து ஆரம்பம். நாம் 'சீரியல் செட்' என்கிறோமே, பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைப்பதால் வந்த பேர். 6 வோல்ட் பல்பு நாற்பதைக் கோர்த்தால் வீட்டு மின்சாரத்துக்குச் சரியாக வரும். ஒன்று போனால் நாற்பதும் போச்சு. எது போனது என்று நாற்பதையும் தடவிப் பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள். கேம்ப்பில் சீரியல் செட் வாங்க வசதி இல்லாத வருடங்களில் ஸ்டாருக்குள் ஒரே ஒரு ஜீரோ வாட் பல்பு. பேர்தான் ஜீரோ, உள்ளே 15 வாட் இழுக்கும். பழைய மீட்டரில் அது பதிவாகாததால் வந்த செல்லப் பேர். வங்கியிலும் சில கணக்குகள் அப்படி உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பெரியப்பா கணக்கு எழுதுகிறவர். பழைய டைரி, நீல மை, மாதா மாதம். அவர் 2011-ல் தவறியபிறகு அந்த டைரிகள் என்னிடம் வந்தன. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஒரு வரி இருக்கும். 'ஸ்டாருக்கு பேப்பர், பாய் கடை', பக்கத்தில் தொகை. ஒரு தடவைகூட ஐந்து ரூபாயைத் தாண்டவில்லை. அந்தப் பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சந்து முனையில் பட்டமும் பேப்பரும் விற்ற சின்னக் கடை. பேப்பரை ஸ்டாருக்கு வேண்டிய முக்கோணங்களாக அவரே வெட்டிக் கொடுப்பாராம். அதற்குத் தனிக் காசு கிடையாது. பெரியப்பாவின் ஸ்டார் இரண்டு மணி நேரத்தில் முடிந்ததன் ரகசியம் இதுதான். பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும்.

1992-லும் நவம்பர் கடைசியில் அந்த வரி இருக்கிறது. அந்த வருடம் ஆட்வென்ட் முதல் ஞாயிறு நவம்பர் 29. ஸ்டார் வாசலில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு டிசம்பர் 6. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. அன்று இரவே பம்பாய் பற்றத் தொடங்கியது. தாராவி முதலில் பற்றிய இடங்களில் ஒன்று. ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. ஜனவரியில் இன்னும் மோசமாக இரண்டாவது சுற்று. இரண்டிலும் சேர்ந்து சுமார் 900 பேர் செத்தார்கள் என்று பின்னால் ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில் வந்து விழுந்தது அந்த வருடக் கிறிஸ்மஸ்.

பெரியம்மா சொன்னது இது. ஊரடங்கு போட்ட ராத்திரி பெரியப்பா முதல் வேலையாக ஸ்டாரைக் கழற்றினாராம். வாசலில் விளக்கு எரிந்தால் இது யார் வீடு என்று தெரியும். எங்களைத் தேடி யாரும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வீடு வீடாக 'இது யார் வீடு' என்று பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, ஸ்டார் தொங்கும் வீடு ஒரு விடை, ஸ்டார் தொங்காத பக்கத்து வீடு இன்னொரு விடை. நம் வாசலில் மாட்டினால் அடுத்த வாசலைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர் பயந்தார். 24-ம் தேதி கேரல்ஸ் வரவில்லை. பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டாரை வீட்டுக்குள்ளேயே, குடிலுக்கு மேலே, ஜன்னலை மூடிவிட்டு ஏற்றினாராம். "உள்ள எரிஞ்சா யாருக்கு மக்கா அது? பெட்டிக்குள்ள வச்ச வெளக்கு மாரி இருந்துச்சு. அரைமணி நேரம் பாத்துட்டு அணைச்சிட்டேன்."

1993 டைரியில் நவம்பர் கடைசி வரி: 'ஸ்டாருக்கு பேப்பர், தாதர்'. தொகை பதினொன்று. பாய் கடை இல்லை. ஜனவரிக்குப் பிறகு எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் நகரத்தை விட்டு மும்ப்ரா பக்கம் போனார்கள், அவரும் அப்படிப் போய்விட்டார். கடை எரிந்ததா, பூட்டிவிட்டுப் போனாரா என்று கேட்டேன். பெரியம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் பேப்பரை வீட்டிலேயே வெட்டினார்களாம். முதல் தடவை அளவு தப்பி, பாதி பேப்பர் வீண். நான் 2004-ல் வந்தபோதும் பெரியப்பா வெட்டிய முக்கோணங்கள் கொஞ்சம் கோணல்தான். ஒவ்வொரு முறையும், "பாய் வெட்டுனா நறுக்குன்னு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார்.

இன்னொரு கிறிஸ்மஸ் 2020. ஏப்ரல் 1-ல் தாராவியில் முதல் கொரோனா கேஸ். இந்த நெரிசலில் என்ன ஆகுமோ என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டில் ஏழு பேர் எப்படி ஆறடி தள்ளி நிற்பது? அந்த டிசம்பரில் ராத்திரி 11 மணிக்கு மேல் ஊரடங்கு, அதனால் நடுராத்திரி ஆராதனை கிடையாது, கேரல்ஸ் கிடையாது. பெரியம்மா எங்கள் யாரையும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். போனில்தான் பேசினோம். ஸ்டார் வாசலில் இருக்கிறது என்றார். 25-ம் தேதி சாயங்காலம் செய்தி வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகத் தாராவியில் அன்று ஒரு கேஸ்கூட இல்லை. நான் கணக்குப் பிள்ளை, பூஜ்யத்தைப் பார்த்து அழுதது அதுதான் முதல் தடவை.

நாங்கள் இப்போது இருப்பது செம்பூரில் ஏழாவது மாடி. பால்கனிக் கம்பியில் ஸ்டார் கட்டினால் கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு புள்ளி. காரிடாரில் மாட்டலாம் என்றால் அங்கே எதுவும் தொங்கக்கூடாது என்று நோட்டீஸ். கேம்ப்பில் இப்போது பேச்செல்லாம் தாராவி மறுசீரமைப்புப் பற்றித்தான். தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி ஃப்ளாட் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டில் வாழ்ந்தவர்களுக்கு அது மூன்று மடங்கு இடம், குறை சொல்ல எனக்கு வாயில்லை. கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கும் என்பதே பெரியம்மா வயதுக்கு எவ்வளவு பெரிய விஷயம். அவருடைய கேள்வி வேறு. "லிப்டுக்கு எதுத்தாப்புல வாசல் இருந்தா, ஸ்டார யாரு பாப்பா? லிப்டு பாக்குமா?"

ஆக, தங்கமணி, மகள், மற்றும் எல்லோருக்குமாக இந்த வருட பட்ஜெட் இதோ. மூங்கில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பெரியப்பாவுடையதைப் பார்த்து 2012-ல் நான் கட்டியது. பட்டப் பேப்பர் ஆறு ஷீட், சிவப்பு மூன்று, வெள்ளை மூன்று. மைதா வீட்டில் உண்டு. பல்பு எல்.இ.டி. விரிசல் சட்டிக்கு இந்தச் சனிக்கிழமை கும்பர்வாடா போக வேண்டும். பேப்பர் வெட்டுவதை மகளிடம் விடுகிறேன், ஜியோமெட்ரியில் நல்ல மார்க் வாங்குகிறவள். நான் வெட்டினால் கோணல்தான், அது பரம்பரை.

14-ம் தேதி ராத்திரி கேழ்வரகு ஊறவைக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் குடிலில் புல் இருக்காது, வெறும் முளைதான் இருக்கும். போனில் அலாரம் வைத்துவிட்டேன்.